இரண்டாவது கதவு

அந்தப் பாதையில் வண்டி எல்லை தாண்டலாம், ஓட்டுகிறவர் தாண்டக்கூடாது. பக்கத்துப் பக்கத்து நகரங்கள் இரண்டுக்கும் பொதுவான டிராம் அது. தண்டவாளம் பொது, பெட்டிகள் பொது, தலைக்கு மேல் ஓடும் மின்கம்பியும் பொது. கழகம் மட்டும் இரண்டு. மேற்கு நகரத்து ஓட்டுநருக்குக் கிழக்கு நகரத் தெருக்களில் ஓட்ட உரிமம் இல்லை, கிழக்கு ஆளுக்கு மேற்கில் இல்லை. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வீட்டில் கிணறு மட்டும் பொதுவில் கிடக்குமே, அப்படி ஓர் ஏற்பாடு.

அதனால் நட்ட நடுவில், ஆற்றுப் பாலம் தாண்டி, பூட்டிக் கிடக்கும் கிடங்குகளுக்கு எதிரே ஒரு நிறுத்தம் வைத்திருந்தார்கள். ஒற்றை நடைமேடை. அதன் இரண்டு பக்கமும் தண்டவாளம். மேற்கிலிருந்து ஒரு வண்டி வந்து இந்தப் பக்கம் நிற்கும், கிழக்கிலிருந்து ஒன்று வந்து அந்தப் பக்கம் நிற்கும். ஓட்டுநர்கள் இருவரும் இறங்கி நடுவில் சந்தித்து, கொண்டுவந்த வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, மாறி ஏறித் தன் தன் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பயணிகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பலருக்கு ஆள் மாறியதே தெரியாது.

ஒப்படைக்க நாற்பது விநாடி. பிரேக், கதவு, மணி என்று அந்த வரிசையில் சொல்ல வேண்டும். குறை இருந்தால் குறை, இல்லாவிட்டால் சரி. வாங்கிக்கொள்கிறவர் சின்னப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். குறை என்று சொல்லப்பட்டால் அதைச் சோதிப்பதும், தேவைப்பட்டால் கதவைப் பூட்டுவதும் வாங்கிக்கொள்கிறவர் வேலை.

அவன் மேற்கு டிப்போக்காரன். அவன் மனைவி கிழக்கு டிப்போக்காரி. கல்யாணமே அந்த நடைமேடையில் ஆரம்பித்ததுதான். பதினைந்து வருடத்துக்கு முன் பிரேக், கதவு, மணி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் நான்காவதாக ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். மேற்கு நகரத்தில் வீடு பிடித்தார்கள். அவள் விடியற்காலை முதல் வண்டியில் பயணியாக ஏறிக் கிழக்குக்குப் போய் வேலையைத் தொடங்குவாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழு வயதில், நாலு நாள் காய்ச்சலில், ஐந்தாவது நாள் இல்லாமல் போனது.

ஒன்பதாம் நாள் அவன் வேலைக்குப் போனான். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கிளம்பினான். சாயங்காலம் திரும்பியபோது அவள் சமையலறை வாசலில் நின்று, "உங்களுக்கு வண்டி ஓடினாப் போதும்" என்றாள். அவ்வளவுதான் சண்டை. மறு வாரம் ஒரே ஒரு பெட்டியுடன் கிழக்கு நகரத்தில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை, பஞ்சாயத்து பேசவில்லை. ஒட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை.

ஆனால் டூட்டி இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷிப்ட் பட்டியல் மாறும். முதல் தடவை மாறியபோது அவன் விடியற்காலை ஷிப்டையே எழுதிக் கேட்டு வாங்கினான். எல்லை நிறுத்தத்தில் அவள் எதிரே இறங்கினாள். இரண்டாம் தடவையும் இறங்கினாள். மூன்றாம் தடவை, கிழக்கு டிப்போவில் அவளும் எழுதிக் கேட்டுத்தான் வாங்குகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அதைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை.

ஒரு ஷிப்டுக்கு ஆறு முறை சந்திப்பு. ஆறு நாற்பது விநாடிகள். "பிரேக் சரி. கதவு சரி. மணி சரி." வீட்டில் அவளை நீ என்று அழைத்தவன், பயணிகள் காதில் விழுமே என்று நடைமேடையில் நீங்க என்று ஆரம்பித்தான். பிறகு அதுவே நாக்கில் உட்கார்ந்துவிட்டது.

முதல் பொய் அவளுடையது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. மூன்றும் சரி என்று சொல்லி முடித்தவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "பக்கக் கண்ணாடி ஆடுது" என்றாள். விதிப் புத்தகத்தில் கண்ணாடியே கிடையாது. அவன் போய்ப் பார்த்தான். அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். கண்ணாடி கல் மாதிரி நின்றது. அவன் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி, "ஆமா, ஆடுது" என்றான். அது அவனுடைய முதல் பொய். இரண்டு பேரும் மழையில் நனைந்தபடி, ஆடாத கண்ணாடியை இருபது விநாடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு அவன் ஊருக்குள் வண்டியைக் கொண்டுவந்தபோது அந்தக் கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கூடுதலாக இருபது விநாடி. பிச்சைக்காரனுக்குக் கிடைத்த புதையல் மாதிரி அதை மனசுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. மணி கரகரக்கிறது என்பாள். மூன்றாம் கதவு முனகுகிறது என்பான். பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, வைப்பர் சுரண்டுகிறது, இருக்கைக்கு அடியில் ஏதோ உருளுகிறது. ஒவ்வொன்றையும் இருவரும் சேர்ந்து போய்ப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும். நேரம் தப்பினால் வழியில் வேகம் கூட்டி ஈடுகட்டிவிடுவார்கள்.

சேர்ந்து நிற்கிற அந்த நேரத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால், கதவைப் பற்றித்தான் பேசினார்கள். முனகும் கதவைப் பற்றி, உருளாத பொருளைப் பற்றி. ஒரு தடவை அவள், "சளி பிடிச்சிருக்கா?" என்றாள். அதை வைத்து அவன் ஒரு வாரம் ஓட்டினான். இன்னொரு தடவை அவள் சட்டைக் கையில் வேறு நிறப் பொத்தான் தைத்திருப்பதைப் பார்த்தான். வீட்டில் பொத்தான் டப்பா அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. "பிரேக் சரி" என்றான்.

அவன் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வா. பாலத்தில் ஏறும்போது மனசுக்குள் சொல்லிப் பார்ப்பான், பாலம் இறங்கும்போதும் சொல்லிப் பார்ப்பான். வாய்க்கு வந்துவிட்டது என்று தோன்றும். நடைமேடையில் கால் வைத்ததும் ஊமை கண்ட கனவுதான்.

மேற்கு டிப்போவின் மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் சந்தேகம். யார் எந்தக் குறை சொன்னாலும் முதலில் நம்பமாட்டார், அதனால் வந்த பெயர். இந்த முறை சந்தேகத்தின் சந்தேகம் சரியாகவே இருந்தது. ஏழு மாதத்தில் எல்லை நிறுத்தத்தில் எழுதப்பட்ட குறைகள் அறுபத்தொன்று. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றிலும் ஒன்றுமில்லை. அறுபத்தொன்றுக்கும் கையெழுத்து இரண்டே பேருடையது. அவர் முட்டாள் இல்லை. ஒரு நாள் கை துடைக்கும் துணியோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, உன் சம்சாரத்தைப் பார்க்கணும்னா லீவு போட்டுட்டுப் போய்ப் பாரு. என் முதுகு ஏன்யா ஒடியணும்?"

துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல. இன்னும் ஒரு பொய்க் குறை வந்துச்சு, மேல எழுதிடுவேன். புலி வருது புலி வருதுன்னு இனிமே எங்கிட்ட வராதே."

எழுதினால் முதலில் மாட்டுவது அவள்தான் என்று அவனுக்குத் தெரியும். அறுபத்தொன்றில் நாற்பதுக்கு மேல் அவள் சொன்னது. அன்று முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். நாளைக்குக் கடைசிச் சந்திப்பில் சொல்லிவிடுவது. இந்தக் கண்ணாமூச்சியெல்லாம் போதும். வீட்டுக்கு வா என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது.

மறுநாள் ஐந்தாவது சந்திப்பில் அவள் வண்டி மூன்று நிமிடம் தாமதம். இறங்கும்போதே வேகமாக இறங்கினாள். நடைமேடையில் கையில் கடிகாரத்தோடு டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார்.

"பிரேக் சரி. மணி சரி. ரெண்டாவது கதவு ரப்பர் வேலை செய்யலை. இதுக்கு முந்தின ஸ்டாப்புல ஒரு பிள்ளையோட பை மாட்டிச்சு, கதவு திறக்கவே இல்லை. ஆனா பச்சை விளக்கு எரியுது. பூட்டிட்டு எடுங்க."

கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கும். நடுவில் கையோ பையோ சிக்கினால் அது உணர்ந்து கதவைத் திறந்துவிடும். எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் ஓட்டுநர் முன்னால் பச்சை விளக்கு எரியும். பட்டை செத்துப்போனால் விளக்கு பொய் சொல்லும். அந்தக் கதவைச் சாவி போட்டுப் பூட்டி, பயன்படுத்தாதீர் என்று ஒட்டுத்தாள் ஒட்ட இரண்டு நிமிடம் ஆகும்.

அவன் சிரித்தான். ஏழு மாதத்தில் சொன்னதிலேயே இதுதான் நல்ல கற்பனை என்று நினைத்தான். பிள்ளையின் பை வரைக்கும் யோசித்திருக்கிறாளே. பரிசோதகர் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பதிவேட்டில் எழுதினால் சாயங்காலமே சந்தேகம் மேலே எழுதிவிடுவார், அவள் வேலைக்கே வினையாகும்.

"சரி, நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க" என்றான்.

அவளும் அவன் சிரிப்பைப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறான் என்று கேட்க நேரம் இல்லை. ஓடிப்போய் எதிர் வண்டியில் ஏறினாள். வழக்கமாக அவள் கூடவே வந்து நின்று பார்ப்பாள். அன்றைக்கு வரவில்லை. அது ஒன்றே போதும், அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள. அவனுக்கு அது தெரியவில்லை. கதவு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஏறியவர் ஒரு தையல்காரம்மா. வாரத்தில் நாலு நாள் பெரிய துணிப்பையோடு அந்த வண்டியில் வருகிறவர். அன்றைக்கு இரண்டு பைகள். ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, மற்றொன்றை எடுக்க, உள்கம்பியைப் பிடித்தபடி கீழே இறங்கியபோது கதவு மூடியது. வலது கை உள்ளே, ஆள் வெளியே. பச்சை விளக்கு எரிந்தது. அவன் நகர்த்தினான்.

யாரோ அபாயக் கைப்பிடியை இழுத்தபோது வண்டி முப்பது மீட்டர் போயிருந்தது. அவன் இறங்கி ஓடினான். பயணிகள் கத்தினார்கள். அந்தம்மா கத்தவில்லை. நடைமேடையின் ஓரக்கல்லில் சாய்ந்து கிடந்தபடி, தன் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்சில் ஏற்றும்போது கேட்டது ஒன்றுதான். பை எங்கே என்றார்.

மணிக்கட்டில் இரண்டு முறிவு. நரம்பு அறுந்திருந்தது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மூன்று விரல்கள் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணையைப் பதினோராம் நாள் வைத்தார்கள். இரண்டு கழகத்துக்கும் பொதுவான ஒரு பெண் அதிகாரி. ஜன்னல் இல்லாத அறை, நீள மேசை, ஒரு மூலையில் தட்டச்சு செய்கிறவர். மேசை மேல் அந்தச் சின்னப் பதிவேடு. அவனையும் அவளையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி அவனைப் பார்த்து, கதவைப் பற்றி இவர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றான். பிறகு ஏன் பூட்டவில்லை, ஏன் சரி என்று எழுதினீர்கள் என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அறுபத்தொன்றும் வெளியே வரும். பதில் தயாராகத்தான் வைத்திருந்தான்.

"மறந்துட்டேங்க."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. அவன் பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது.

"இல்லைங்க. அவர் மறக்கலை" என்றாள் அவள். அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் சொன்னதை அவர் நம்பலை. ஏன்னா நான் அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பொய்."

சும்மா இரு என்பதுபோல அவன் கையை அசைத்தான். அவள் பார்க்கவில்லை. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். இது பொய், இது பொய், இது அவர் சொன்ன பொய், இது நான் சொன்னது. அங்காடிக் கணக்கை ஒப்புவிக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து, அவன் கதவு சரி என்று எழுதிய வரியில் விரலை வைத்து, "இங்க நான் சொன்னது மட்டும் நிஜம்" என்றாள்.

அதிகாரிக்கு உடனே புரியவில்லை. "எதுக்கு இத்தனை பொய்?"

"பேசறதுக்கு."

"என்ன பேசறதுக்கு?"

அவள் பதிவேட்டை மூடினாள். பதில் அவனிடம் இருக்குமோ என்பதுபோல முதன்முறையாக அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் பேசலீங்க" என்றாள்.

தட்டச்சுக்காரர் நிறுத்திவிட்டு, இதையும் அடிக்கட்டுமா என்று அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனுஷி செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அடிங்க என்றார்.

இருவரையும் ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்தார்கள். அவனுக்குப் பெட்டி கழுவும் கொட்டகை. அவளுக்குத் தொலைந்த பொருட்களை வைக்கும் அறை. இனிமேல் இருவரும் எல்லை நிறுத்தத்தில் இறங்க வேண்டிய காரணமே இல்லை.

தீர்ப்பு வந்த வாரத்தில் தையல்காரம்மா சொல்லி அனுப்பினார். இருவரும் வர வேண்டும், சேர்ந்து வர வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மேற்கு நகரத்துக்கு வந்தாள். தெருமுனையில் அவன் காத்திருந்தான். ஒருவர் பின் ஒருவராகப் படியேறினார்கள்.

ஒற்றை அறை. துணி வெட்டும் மேசை பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. மெஷின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தார். சுவரில் வரிசையாகப் பாதி தைத்த சட்டைகள், கை இருந்தால் காலர் இல்லை, காலர் இருந்தால் கை இல்லை. அந்தம்மாவின் வலது கை தோளிலிருந்து ஒரு துணியில் தொங்கியது.

"உட்காருங்க. டீ போட்டுத் தருவேன்னு எதிர்பார்க்காதீங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். மன்னிப்புக் கேட்க அவன் நாலு வாக்கியம் தயாரித்து வந்திருந்தான். முதல் வாக்கியத்திலேயே அந்தம்மா இடது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் உங்க ஆபீஸ்காரங்க வந்து கேட்டுட்டாங்க. புருஷன் பெண்டாட்டியாமே நீங்க?"

"ஆமாங்க" என்றாள் அவள்.

"ரெண்டு வார்த்தை பேசணும்னு வண்டியில கோளாறு, கோளாறுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களாம்."

"ஆமாங்க."

அந்தம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏன், பேசறதுக்கு உங்களுக்கு ஒரு வீடு இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருக்கு என்று சொன்னான். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்ப மறுத்துக்கொண்டே இருந்தது.

"போங்க" என்றார் அந்தம்மா. "நல்லா திட்டி அனுப்பணும்னுதான் வரச் சொன்னேன். உங்களைப் பார்த்தா வாயில வர மாட்டேங்குது. அதுக்காக நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். அவளுக்குக் கிழக்கு வண்டி வர ஒன்பது நிமிடம் என்று பலகை காட்டியது. ஒன்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பலகையில் எண் ஏழு ஆனது, ஆறு ஆனது.

"அவ செருப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"வாசல்லதான்."

"எடுக்கவே இல்லையா?"

"இல்ல. கூட்டறப்ப எடுத்துட்டுத் திரும்ப வச்சிருவேன்."

அவள் தலையை ஆட்டினாள். "இருந்திருந்தா இப்ப ஒன்பது வயசு. அது பத்தாது அவளுக்கு."

"பத்தாது" என்றான்.

மகளைப் பற்றி இருவரும் பேசியது அந்த இரண்டு வருடத்தில் அவ்வளவுதான். எண் மூன்றுக்கு வந்திருந்தது. பாலத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தது, ஒத்திகையே வேண்டாமல் தானாக வந்தது.

"வீட்டுக்கு வா."

அவள் அதைத் தட்டிவிடவில்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா அப்படியே இறங்கி வந்திருப்பேன்" என்றாள். "இப்ப வந்தா, உங்க முகத்தைப் பார்க்கறப்பல்லாம் அந்தம்மா கைதான் ஞாபகம் வரும். உங்களுக்கும் என்னைப் பார்த்தா அதான் வரும்."

இல்லை என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி வந்த இடம் இது என்பதால் வாயை மூடிக்கொண்டான்.

வண்டி வந்தது. அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். உள்ளே இருக்கைகள் காலியாகவே கிடந்தன. அவள் உட்காரவில்லை. இந்தப் பக்க ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் இருந்த திசையைப் பார்த்து நின்றாள். ஏதோ சொன்னதுபோலவும் இருந்தது. அதற்குள் வண்டி நகர, கண்ணாடி முழுக்க வெயில் அடித்து அவள் முகம் மறைந்துவிட்டது.